காலநிலை மாற்றத்தைப் பொதுத் தரவுகளின் வழியே அறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலநிலை மாற்றம் குறித்த செய்திகளில் இடம்பெறும் எண்களில் பெரும்பாலானவற்றின் மூலத் தரவு, கட்டணமின்றி யாரும் எடுத்துப் பார்க்கக்கூடியதாகவே இருக்கிறது. அதை எடுத்துப் பார்ப்பவர்கள் குறைவு. பார்ப்பவர்களிலும் அந்த எண் எந்தக் கருவியால், எங்கே, எப்படி அளக்கப்பட்டது என்பதை விசாரிப்பவர்கள் இன்னும் குறைவு. எண்ணை நம்புவதற்கும் மறுப்பதற்கும் முன்னால் அந்த விசாரணை வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இத்தகைய தரவுகளை முதன்முறையாகத் திறந்து பார்ப்பவர்கள் எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடையளிக்க முயன்றிருக்கிறேன்.

பொதுத் தரவு என்பதில் எவையெல்லாம் அடங்கும்?

அரசு நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் பன்னாட்டு அமைப்புகளும் அளந்து, தொகுத்து, யாரும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டவை அனைத்தும் அடங்கும். வானிலை நிலையங்களின் அன்றாட வெப்பநிலை, மழை அளவுகள், துறைமுகங்களில் பொருத்தப்பட்ட கடல்மட்டமானிகளின் பதிவுகள், செயற்கைக்கோள் படங்கள், பனிக்கட்டிப் படிவுகளைத் துளைத்தெடுத்துப் பகுத்தாய்ந்த முடிவுகள், நாடுகளின் உமிழ்வுக் கணக்குகள், பேரிடர் இழப்புப் பட்டியல்கள் ஆகியவை முக்கியமானவை. காலநிலையை அறிவதற்காகவே தொடங்கப்படாத பதிவுகளும் இவற்றில் உண்டு. ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி மரங்கள் முழுமையாகப் பூத்த நாட்கள் ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து நாட்குறிப்புகளிலும் அரசவைக் குறிப்புகளிலும் எழுதப்பட்டு வந்தன. அவற்றை ஆய்வாளர்கள் தேடித் தொகுத்ததால், 2021-இல் மார்ச் 26 அன்றே நிகழ்ந்த முழுமலர்ச்சி அதுவரையான ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பதிவில் மிக முந்தியது என்று சொல்ல முடிந்தது. பூ பார்க்கப் போனவர்கள் எழுதி வைத்த தேதிகள் இன்று வசந்தகால வெப்பநிலையின் வரலாறாக நிற்கின்றன.

முதலில் எந்தத் தரவைப் பார்ப்பது நல்லது?

ஹவாயின் மௌனா லோவா எரிமலைச் சரிவில், ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில், சார்லஸ் டேவிட் கீலிங் 1958 மார்ச்சில் தொடங்கிய கார்பன் டை ஆக்சைடு அளவீட்டைத்தான் நான் பரிந்துரைப்பேன். கோப்பு சிறியது, மாதத்துக்கு ஓர் எண், எந்த விரிதாளிலும் திறக்கலாம். முதல் அளவீடு காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 313 பங்கு என்று இருந்தது. 2024-இன் ஆண்டுச் சராசரி 424-ஐத் தாண்டிவிட்டது. பனிக்கட்டிப் படிவுகளில் சிறைப்பட்ட காற்றுக் குமிழ்களை ஆராய்ந்ததில், தொழிற்புரட்சிக்கு முன் இந்த அளவு 280-ஐ ஒட்டி இருந்ததும், அதற்கு முந்தைய எட்டு லட்சம் ஆண்டுகளில் அது ஏறத்தாழ 300-ஐத் தாண்டாமல் இருந்ததும் தெரிய வருகின்றன.

இந்த எண்களை வரைபடமாக்கினால் மேலேறும் கோடு ரம்பத்தின் பற்களைப் போல் ஏறி இறங்குவதைக் காணலாம். ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் உச்சத்தைத் தொட்டு, செப்டம்பர், அக்டோபர் வாக்கில் தாழ்ந்து, மறுபடியும் ஏறுகிறது. நிலப்பரப்பு மிகுந்த வட அரைக்கோளத்தில் கோடைக்காலத்தில் தாவரங்கள் தழைத்துக் கார்பனை இழுத்துக்கொள்வதும், குளிர்காலத்தில் இலைகள் மட்கி அதைத் திருப்பி விடுவதும்தான் அந்தப் பற்கள். பூமி மூச்சு விடுவதை ஒரு விரிதாளில் பார்ப்பது போன்றது இது. பருவ ஏற்ற இறக்கம், நெடுங்காலப் போக்கு ஆகிய இரண்டையும் ஒரே கோட்டில் பிரித்தறியப் பழகிவிட்டால், இதைவிடச் சிக்கலான தரவுகளிலும் கண் தடுமாறாது.

2022 நவம்பரில் எரிமலை வெடித்து, லாவா ஓட்டம் ஆய்வகத்துக்குச் செல்லும் பாதையையும் மின்கம்பிகளையும் துண்டித்தபோது, அருகிலிருந்த மௌனா கியாவில் தற்காலிகமாக அளவீடு தொடர்ந்தது. அந்த இடமாற்றம் பதிவுக் குறிப்புகளில் சொல்லப்பட்டிருக்கிறது. நல்ல தரவு தன் இடையூறுகளையும் சேர்த்தே வெளியிடும்.

எத்தனை ஆண்டுத் தரவு இருந்தால் காலநிலையைப் பற்றிப் பேசலாம்?

உலக வானிலை அமைப்பு 30 ஆண்டுச் சராசரியை இயல்பு அளவாகக் கொள்கிறது. தற்போது வழக்கிலுள்ளது 1991–2020. மழை ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறுவது. ஆகவே அதன் போக்கைப் பற்றி உறுதியாகப் பேச அதைவிடவும் நீண்ட தொடர் தேவைப்படலாம்.

உலக வெப்பநிலைக்கு ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு எண் சொல்வது ஏன்?

2024-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையின் பதிலியாகக் கொள்ளப்படும் 1850–1900 சராசரியைவிட அந்த ஆண்டு 1.60 டிகிரி செல்சியஸ் கூடுதல் வெப்பமாக இருந்தது என்றது ஐரோப்பாவின் கோப்பர்னிக்கஸ் சேவை, 1.47 என்றது நாசா. ஆறு தொகுப்புகளைச் சேர்த்துப் பார்த்த உலக வானிலை அமைப்பு 1.55 என்றது. எல்லாரும் அளவீடுகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் நிலையங்கள் அரிதாக உள்ள வடதுருவப் பகுதியை எப்படி நிரப்புவது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் அரைகுறைப் பதிவுகளிலிருந்து தொடக்கநிலையை எப்படிக் கணக்கிடுவது ஆகியவற்றில் அவர்கள் வழிமுறைகள் வேறுபடுகின்றன. வேறுபாடு ஒரு டிகிரியின் பத்தில் ஒரு பங்கை ஒட்டி இருக்கிறது. 2024-தான் அளவீட்டு வரலாற்றின் மிக வெப்பமான ஆண்டு என்பதில் வேறுபாடே இல்லை.

வேறுபாட்டுக்கு இன்னொரு காரணம் வெறும் கணக்கு மரபு. இந்தத் தொகுப்புகள் வெப்பநிலையை அப்படியே தருவதில்லை. ஓர் அடிப்படைக் காலத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்பதையே தருகின்றன. நாசாவின் அடிப்படைக் காலம் 1951–1980. பிரிட்டன் வானிலை அலுவலகமும் கிழக்கு ஆங்லியா பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிடும் தொகுப்புக்கு 1961–1990. இரண்டு கோப்புகளை எடுத்து, அடிப்படைக் காலத்தை ஒன்றாக்காமல் ஒரே வரைபடத்தில் இட்டுவிட்டு, ஒன்று மற்றொன்றைவிட மிகைப்படுத்துகிறது என்று முடிவு கட்டியவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தொடரிலிருந்தும் ஒரே முப்பதாண்டுச் சராசரியைக் கழித்துவிட்டால் கோடுகள் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும்.

விலகலைப் பயன்படுத்துவதற்குத் தக்க காரணம் இருக்கிறது. மலையுச்சியில் ஒரு நிலையமும் அதன் அடிவாரத்தில் இன்னொன்றும் இருந்தால் அவற்றின் வெப்பநிலைகள் வெகுவாக மாறுபடும்; ஆனால் வழக்கத்தைவிட வெப்பமான ஒரு மாதம் இரண்டுக்கும் வழக்கத்தைவிட வெப்பமாகவே இருக்கும். அதனால்தான் இடைவெளிவிட்டு அமைந்த நிலையங்களைக் கொண்டும் பரந்த நிலப்பகுதியின் மாற்றத்தைக் கணிக்க முடிகிறது.

பழைய அளவீடுகளைத் திருத்துகிறார்களே, அது நேர்மையானதா?

இந்த ஐயம் நியாயமானது. விரிவான விடைக்கு உரியது. ஒரு நிலையம் அறுபது ஆண்டுகள் இயங்கியிருக்கிறது என்றால் அந்தக் காலத்தில் அது இடம் மாறியிருக்கலாம், வெப்பமானி மாற்றப்பட்டிருக்கலாம், மாலையில் குறித்தவர் காலையில் குறிக்கத் தொடங்கியிருக்கலாம். இவை ஒவ்வொன்றும் வானிலையோடு தொடர்பில்லாத ஒரு திடீர்த் தாவலைத் தொடரில் உண்டாக்கும். சுற்றியுள்ள நிலையங்களில் அத்தகைய தாவல் இல்லை என்றால், அது காற்றில் நிகழ்ந்த மாற்றமன்று, அளவீட்டில் நிகழ்ந்தது என்று அறிந்து சரிசெய்கிறார்கள். இதைச் சீராக்கம் என்பர்.

கடலில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. முன்னாளில் கப்பலிலிருந்து கித்தான் வாளியை இறக்கி, நீரை மொண்டு, அதில் வெப்பமானியை இட்டார்கள். வாளியின் ஈரம் ஆவியாகும்போது நீர் சற்றுக் குளிர்ந்துவிடும். பின்னர் எந்திர அறைக்குள் வரும் நீரின் வெப்பநிலையைக் குறித்தார்கள்; எந்திரத்தின் சூட்டால் அது சற்றுக் கூடுதலாகக் காட்டும். இரண்டையும் அப்படியே ஒட்டவைத்தால் கடல் உண்மையில் வெப்பமானதைவிட அதிகமாக வெப்பமானதாகத் தோன்றும். ஆகவே பழைய வாளி அளவுகளை உயர்த்தித் திருத்துகிறார்கள். நிலத்தையும் கடலையும் சேர்த்துப் பார்க்கும்போது, திருத்தங்கள் நூற்றாண்டுக் கால வெப்ப உயர்வைச் சற்றுக் குறைத்தே காட்டுகின்றன என்பது பலரும் அறியாத செய்தி. திருத்தாத அளவுகளும் திருத்தியவையும் இரண்டுமே வெளியிடப்படுகின்றன. ஐயமுள்ளவர் இரண்டையும் எடுத்து ஒப்பிடலாம்.

ஒரு நிலையத்தின் கோப்பைத் திறந்ததும் எதைக் கவனிக்க வேண்டும்?

எண்களுக்கு முன் விளக்கக் குறிப்பைப் படிக்க வேண்டும். அமெரிக்காவின் நோவா நிறுவனம் பராமரிக்கும் உலக அன்றாட வானிலைத் தொகுப்பில் ஏறத்தாழ 180 நாடுகளின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. அதில் ஒரு நாளின் உச்ச வெப்பநிலை 312 என்று இருந்தால் அது 31.2 டிகிரி செல்சியஸ். அலகு டிகிரியின் பத்தில் ஒன்று. மழையும் அவ்வாறே மில்லிமீட்டரின் பத்தில் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. அளவு கிடைக்காத நாளுக்கு –9999 என்று எழுதியிருக்கும். அது எண் போலத் தோற்றமளிப்பதால் விரிதாள் அதையும் கூட்டிச் சராசரி எடுத்துவிடும். நான் கற்றுக்கொண்ட காலத்தில் ஒரு நிலையத்தின் ஒரு மாதச் சராசரி உறைநிலைக்குப் பல பத்து டிகிரி கீழே போனது; மூன்றே மூன்று விடுபட்ட நாட்கள்தான் காரணம். அந்தப் பிழை பளிச்சென்று தெரிந்ததால் பிடிபட்டது. விடுபட்ட மழை நாட்களை சுழியம் என்று நிரப்பிவிடும் பிழை அப்படித் தெரியாது. ஈரமான ஆண்டு ஒன்று வறண்ட ஆண்டாக மாறி, அமைதியாகக் கணக்கில் உட்கார்ந்துவிடும்.

அடுத்து, தொடர் எந்த ஆண்டில் தொடங்குகிறது, எங்கெல்லாம் இடைவெளி இருக்கிறது, நிலையம் எப்போது இடம் மாறியது, சுற்றிலும் நகரம் வளர்ந்ததா ஆகியவற்றைப் பாருங்கள். போர்களும் ஆட்சி மாற்றங்களும் பல நாடுகளின் பதிவுகளில் வெற்றிடங்களை விட்டுச் சென்றிருக்கின்றன.

நிலையமே இல்லாத இடங்களுக்கு என்ன வழி?

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று செயற்கைக்கோள். மற்றொன்று மறுபகுப்பாய்வு: கிடைக்கும் அளவீடுகள் அனைத்தையும் இயற்பியல் விதிகளின்படி இயங்கும் வானிலை மாதிரியில் செலுத்தி, பூமி முழுவதற்கும் இடைவெளியில்லாத நிலவரத்தைக் கணித்தெடுப்பது. ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலைக் கணிப்பு மையத்தின் எரா5 தொகுப்பு 1940 முதல் மணிக்கொரு முறை, ஏறத்தாழ 31 கிலோமீட்டர் கட்டங்களில், இதைத் தருகிறது. காற்று, வெப்பநிலை ஆகியவற்றுக்கு இது மிகவும் பயன்படுவது. அதன் மழை அளவு மட்டும் பெரிதும் மாதிரியின் கணிப்பே. மழைமானியில் விழுந்த நீரன்று. ஒரு கட்டத்துக்குள் மலையும் சமவெளியும் சேர்ந்திருந்தால் இரண்டுக்கும் ஒரே எண்தான் கிடைக்கும் என்பதையும் மறக்கலாகாது.

கடல்மட்டம் உயர்கிறது என்கிறார்கள். சில இடங்களின் பதிவு தாழ்வதாகக் காட்டுவது எப்படி?

சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமின் கடல்மட்டப் பதிவு 1774-இல் தொடங்கும் மிக நீண்ட பதிவுகளுள் ஒன்று. அதில் கடல் தொடர்ந்து தாழ்ந்துகொண்டே வந்திருக்கிறது. பதிவு பிழையற்றது. பனி ஊழியில் அந்நிலத்தின் மேல் கிடந்த பெரும் பனிப்போர்வையின் சுமை நீங்கியதால் நிலம் இன்னும் மெல்ல நிமிர்ந்துகொண்டிருக்கிறது, ஆண்டுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். கடல்மட்டமானி நிலத்தோடு பிணைக்கப்பட்டது. நிலத்தைச் சார்ந்து கடல் எங்கே நிற்கிறது என்பதைத்தான் அது சொல்லும். இதற்கு நேர்மாறாக, நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சும் ஜகார்த்தா போன்ற நகரங்களில் நிலம் அமிழ்கிறது. அங்கே கடல் உயர்வதைவிட நிலம் தாழ்வதே பல மடங்கு விரைவானது.

பூமியின் மையத்தைச் சார்ந்து கடலின் உயரத்தை அறிய வேண்டுமானால் செயற்கைக்கோள் தரவு தேவை. 1992-இல் ஏவப்பட்ட டோபெக்ஸ்/போசைடன் தொடங்கி, ஜேசன் வரிசை, 2020-இல் ஏவப்பட்ட சென்டினல்-6 வரை ஒன்றன்பின் ஒன்றாக வந்தவற்றின் தொடர் பதிவு, 1993 முதல் உலகச் சராசரிக் கடல்மட்டம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயர்ந்திருப்பதையும், தொடக்கத்தில் ஆண்டுக்கு 2 மில்லிமீட்டரை ஒட்டி இருந்த வேகம் இப்போது இரு மடங்காகியிருப்பதையும் காட்டுகிறது. உலகின் நிலையை அறியச் செயற்கைக்கோள் பதிவு. ஒரு கரையில் வாழ்பவர் தம் வாசலுக்கு வரும் நீரை அறியக் கடல்மட்டமானி. கேள்வி எதுவோ அதற்கேற்ற கருவியைத் தேர்ந்தெடுப்பதுதான் இங்கே வேலை.

பனியும் ஆழ்கடலும் எப்படி அளக்கப்படுகின்றன?

வடதுருவக் கடற்பனியின் பரப்பை 1978-இன் இறுதியிலிருந்து செயற்கைக்கோள்கள் தொடர்ச்சியாகக் கண்காணிக்கின்றன. செப்டம்பர் மாதத் தாழ்நிலைகளுள் மிகக் குறைந்தது 2012-இல் பதிவானது. 2002-இல் ஏவப்பட்ட கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள், ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 220 கிலோமீட்டர் தொலைவில் பறந்து, அந்தத் தொலைவில் ஏற்படும் நுண்ணிய மாற்றத்தைக் கொண்டு ஈர்ப்புவிசையின் மாற்றத்தை அளந்தன. இப்படிப் பனிப்போர்வையையே எடைபோட முடிந்ததில், கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 27,000 கோடி டன் பனியை இழப்பது தெரிந்தது. பூமியில் சேரும் கூடுதல் வெப்பத்தில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் கடலுக்குள் போகிறது. அதை அளக்க, ஆர்கோ எனப்படும் ஏறத்தாழ 4,000 மிதவைகள் பத்து நாட்களுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலெழுந்து தம் அளவீடுகளை அனுப்புகின்றன.

வெப்ப உயர்வுக்கு மனிதர்களே காரணம் என்பதைத் தரவு காட்டுமா?

காட்டும். சூரியன் காரணமாக இருந்தால் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாக வேண்டும். ஆனால் கீழடுக்கு சூடாகும்போதே மேலடுக்கு குளிர்வதைப் பலூன், செயற்கைக்கோள் அளவீடுகள் காட்டுகின்றன. கார்பன் டை ஆக்சைடு போன்ற, வெப்பத்தைப் பிடித்து வைக்கும் பசுங்குடில் வாயுக்கள் மிகும்போது எதிர்பார்க்கப்படுவது இதுவே. 1970-களின் இறுதியிலிருந்து நேரடியாக அளக்கப்படும் சூரிய ஆற்றலில் ஏறுமுகமும் இல்லை. காற்றிலுள்ள கார்பனில் கார்பன்-13 என்ற வகையின் விகிதம் குறைந்து வருகிறது. பழங்காலத் தாவரங்களிலிருந்து உருவான நிலக்கரியிலும் எண்ணெயிலும் அந்த வகை குறைவு என்பதால், கூடுதல் கார்பன் எங்கிருந்து வந்தது என்பதற்கு அது கைரேகை போன்ற சான்று.

மனிதர்களுக்கு ஏற்படும் பாதிப்பைத் தரவால் அறிய முடியுமா?

முடியும், ஆனால் வெப்பமானியைப் படிப்பதைவிட மிகுந்த எச்சரிக்கை வேண்டும். பெல்ஜியத்தில் 1988 முதல் பராமரிக்கப்படும் எம்-டாட் என்ற பேரிடர்த் தொகுப்பு, பத்துப் பேராவது இறந்திருந்தாலோ, நூறு பேராவது பாதிக்கப்பட்டிருந்தாலோ, நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டிருந்தாலோ, பன்னாட்டு உதவி கோரப்பட்டிருந்தாலோ ஒரு நிகழ்வைச் சேர்த்துக்கொள்கிறது. இந்த வரையறைக்கு எட்டாத சிறு வெள்ளங்கள் ஏழைக் குடும்பங்களை ஆண்டுதோறும் அழித்தாலும் பட்டியலில் வாரா. மேலும், ஐம்பதுகளில் தொலைதூரப் புயல் ஒன்று பதிவாகாமலேயே போயிருக்கக்கூடும். இன்று அது மறுநாளே பதிவாகிறது. ஆகவே இத்தொகுப்பில் பேரிடர்களின் எண்ணிக்கை கூடியிருப்பதை மட்டும் காட்டி, காலநிலை அவ்வளவு மடங்கு மோசமாகிவிட்டது என்று சொல்வது தவறு. காலநிலை மாற்றத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்களே இந்தத் தவற்றை அதிகம் செய்வது எனக்கு வருத்தமளிக்கிறது.

பண இழப்புக்கும் இதுவே பொருந்தும். ஆபத்தான கரைகளில் வீடுகளும் சொத்தும் பெருகியிருந்தால் அதே வலிமையுள்ள புயலும் கூடுதல் இழப்பைத் தரும். எச்சரிக்கை அமைப்புகள் மேம்பட்டிருந்தால் வலிமை கூடிய புயலிலும் இறப்பு குறையும். இடரின் வலிமை, அதன் வழியில் இருப்பவை, அவற்றின் தாங்கும் திறன் ஆகிய மூன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

வெப்ப அலை இறப்புகள் எல்லாவற்றிலும் குறைவாகப் பதிவாகின்றன. வெப்பத்தால் இறந்தவரின் சான்றிதழில் மாரடைப்பு என்றோ சிறுநீரகச் செயலிழப்பு என்றோதான் இருக்கும். எனவே ஆய்வாளர்கள் அந்நாட்களில் வழக்கமாக எத்தனை பேர் இறப்பார்கள் என்று கணக்கிட்டு, அதற்கு மேற்பட்டவர்களை எண்ணுகிறார்கள். 2003-ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோடையில் 70,000-க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தனர் என்பது இவ்வாறே தெரிய வந்தது. அன்றாட இறப்புப் பதிவு முறையாக இல்லாத நாடுகளில் இந்தக் கணக்கைச் செய்யவே முடியாது. வரைபடத்தில் அந்நாடுகள் பாதிப்பற்றவை போல வெளிறித் தெரியும்.

ஒரு குறிப்பிட்ட வெள்ளமோ வெப்ப அலையோ காலநிலை மாற்றத்தால் வந்ததுதானா?

அது எவ்வளவு கூடுதல் வாய்ப்புள்ளதாக, எவ்வளவு கூடுதல் தீவிரமுள்ளதாக ஆனது என்று கேட்டால் விடை கிடைக்கும். கனடாவின் லிட்டன் என்ற சிற்றூரில் 2021 ஜூன் 29 அன்று 49.6 டிகிரி பதிவானது; அந்நாட்டின் பழைய உச்சம் 1937-இல் பதிவான 45 டிகிரி. மனிதர்களால் நேர்ந்த வெப்ப உயர்வு இல்லாத உலகத்தையும் இன்றைய உலகத்தையும் மாதிரிகளிலும் அளவீடுகளிலும் ஒப்பிட்ட பன்னாட்டுக் குழு, அந்த உயர்வின்றி இத்தகைய வெப்பம் ஏறத்தாழ நிகழ்ந்திருக்கவே முடியாது என்று கண்டது. வெப்ப அலைகளுக்கு இவ்வாறு உறுதியாகச் சொல்ல முடிகிறது. கனமழைக்கு, ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைக் காற்று தாங்கும் என்ற இயற்பியல் துணை நிற்கிறது. சூறாவளிக் காற்றுக்கும் இடிப்புயலுக்கும் உறுதி குறைவு.

அடிக்கடி நேரும் தவறு எது?

தொடக்க ஆண்டைத் தேர்ந்து எடுப்பது. பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ என்ற நிகழ்வு வலுவாக இருந்ததால் 1998 வெகுவாகச் சூடேறியது. அந்த உச்சியில் கோட்டைத் தொடங்கிய சிலர் வெப்ப உயர்வு நின்றுவிட்டது என்று நெடுங்காலம் வாதிட்டார்கள். 1991-இல் வெடித்த பினாடுபோ எரிமலை உலகைச் சற்றுக் குளிர்வித்தது; அங்கிருந்து தொடங்கினால் உயர்வு மிகையாகத் தெரியும். தொடரை முழுமையாகப் பயன்படுத்துங்கள். முடியாதபோது, தொடக்க ஆண்டைச் சில ஆண்டுகள் முன்னும் பின்னும் நகர்த்தியும் முடிவு நிலைக்கிறதா என்று சோதியுங்கள்.

நிரல் எழுதத் தெரியாதவரும் இதைச் செய்யலாமா?

செய்யலாம். உலகச் சராசரித் தொடர்களுக்கு விரிதாளே போதும். கட்டத் தரவுகளை உலாவியிலேயே வரைபடமாக்கித் தரும் இலவசக் கருவிகளும் உண்டு.

சாதாரண மக்கள் தரவுக்குப் பங்களிக்க முடியுமா?

முடியும். பிரிட்டனின் பழைய மழைப்பதிவுத் தாள்கள் ஏறத்தாழ 65,000, கையெழுத்தில் எழுதப்பட்டு, கணினி படிக்க முடியாமல் கிடந்தன. 2020-இல் ஊரடங்கின்போது ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் உதவி கேட்டதும், ஏறத்தாழ 16,000 தன்னார்வலர்கள் வீட்டிலிருந்தபடி 50 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்களைச் சில வாரங்களில் தட்டச்சு செய்தார்கள். அதனால் அந்நாட்டின் மழை வரலாறு 1836 வரை பின்னோக்கி நீண்டது. இத்தகைய தாள்கள் இன்னும் பல நாடுகளின் ஆவணக் காப்பகங்களில் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. காப்பாற்ற வேண்டியவற்றுள் இவை முதல் வரிசையில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

புதிதாக அளக்கவும் செய்யலாம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் காலின்ஸ் நகரை 1997-இல் பெருவெள்ளம் தாக்கியபோது, ஒரே நகருக்குள் மழை இடத்துக்கு இடம் எவ்வளவு மாறியது என்பதை இருந்த சில கருவிகளால் அறிய முடியவில்லை. அடுத்த ஆண்டே அங்கே தன்னார்வ மழைமானி வலையமைப்பு ஒன்று தொடங்கப்பட்டது. அதில் சேர்பவர்கள் நாள்தோறும் காலையில் மழைமானியைப் பார்த்து அளவைக் குறிக்கிறார்கள். மழை பெய்யாத நாளிலும் சுழியம் என்று எழுதி அனுப்பும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். ஏனெனில் வெற்றுக் கட்டத்தைப் பார்க்கும் பிற்காலத்தவருக்கு, அன்று மழை பெய்யவில்லையா, பார்க்க ஆளில்லையா என்பது தெரியவராது.